கீமோ நடுவில் ரிப்போர்ட் எதிர்பாராமல் மாறினால்?

தென்காற்று | ஜூன் 3, இரவு 10.52

அக்காவுக்கு 46 வயது. இடது மார்பில் கட்டி, அக்குளிலும் நெறி. ஆபரேஷனுக்கு முன்னாலேயே கீமோ கொடுக்கிறார்கள். ஏசி (இரண்டு மருந்து சேர்ந்த கீமோ) இரண்டு முடிந்தது: மே 2, மே 23. முதல் கீமோவுக்கு முன், புற்றுக்கான ரத்த டெஸ்ட் சிஏ 15-3, 31. நேற்று பக்கத்து லேபில் நாங்களாகவே பார்த்தோம், 58. டாக்டரைப் பார்க்க இன்னும் 9 நாள். மருந்து கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலாம் வார்டு | ஜூன் 3, இரவு 11.20

அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது தம்பி. சிகிச்சை தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில் சிஏ 15-3 ஏறி, அப்புறம் இறங்குவது உண்டு. மக்-1 என்று ஒரு புரதம் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. அதிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் துண்டுதான் இந்த டெஸ்டில் அளக்கப்படுவது. மருந்து பட்டுச் செல்கள் சிதையும்போது கூடுதலாக உதிரும். மே 2-இலிருந்து எண்ணினால் நேற்று 32-ஆம் நாள். ஏறக்கூடிய காலத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இரண்டு லேபும் ஒன்றா? வேறு கம்பெனி மெஷினில் அளந்த சிஏ 15-3 எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒரே ரத்தத்துக்கே வேறு வேறு எண் வரும். கல்லீரல் வீங்கியிருந்தாலும் ஏறும், பி12 குறைவால் வரும் சோகையிலும் ஏறும்.

இன்னொன்று. கட்டி மார்பிலும் அக்குளிலும் மட்டும் இருக்கிறவர்களுக்கு, கீமோ கேட்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய இந்த டெஸ்டைப் பயன்படுத்துவதில்லை. கட்டியைத் தொட்டு அளப்பதும் அல்ட்ராசவுண்டும்தான் அதற்கு. இரண்டாவது கீமோ அன்று தொட்டுப் பார்த்து என்ன சொன்னார்கள்?

தென்காற்று | ஜூன் 3, இரவு 11.41

"இளகியிருக்கிறது" என்றார் சிஸ்டர். லேப் வேறுதான்.

நாலாம் வார்டு | ஜூன் 3, இரவு 11.55

அப்படியென்றால் தொட்டுப் பார்த்த அந்தக் கைக்குத்தான் எடை. இன்றைக்குத் தூங்குங்கள். அக்கா முடிக்காக மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று காலையில் பாருங்கள். பயோட்டின் 5 மி.கி., 10 மி.கி. என்று கடையில் விற்கிறது. அது ரத்த டெஸ்டுகளைக் குழப்பும், எண்ணை ஏற்றிக் காட்டும்.

நுண்ணோக்கி | ஜூன் 4, காலை 6.30

லேப் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம். பயோட்டின் குழப்பும் என்பது சரி, திசைதான் தவறு. சிஏ 15-3, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், இதயத்துக்கான ட்ரோப்போனின் போன்றவற்றில் அளக்க வேண்டிய பொருளை இரண்டு ஆன்டிபாடிகள் இரு பக்கமும் பிடிக்கின்றன. அதில் ஒன்றை மெஷினில் ஒட்ட வைப்பது பயோட்டின்தான். ரத்தத்தில் வெளிப் பயோட்டின் மிதந்தால் ஒட்டும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், எண் பொய்யாக இறங்கும். தைராய்டுக்கான ஃப்ரீ டி4 போன்ற போட்டி முறை டெஸ்டுகளில்தான் பொய்யாக ஏறும். எல்லா மெஷினிலும் இந்த முறை இல்லை, லேபில் கேட்டால் சொல்வார்கள். 10 மி.கி. அளவில் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது 48 மணி நேரம் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும்.

நாலாம் வார்டு | ஜூன் 4, காலை 7.05

நன்றி சார். நேற்று நான் எழுதியதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு விஷயமும் வருகிறது. கீமோவுக்கு முன் அக்கா அந்த மாத்திரை எடுத்து, இப்போது நிறுத்தியிருந்தால், பொய்யானது 58 இல்லை, 31-ஆகக்கூட இருக்கலாம். பழைய எண் சரிதானா என்று யாரும் கேள்வி கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும்.

தென்காற்று | ஜூன் 4, மாலை 5.18

மாத்திரை எதுவும் இல்லை, அக்காவின் பையைப் பார்த்துவிட்டேன். ஆனால் இன்று ஆஸ்பத்திரியில் சொன்னபடி ரத்தம் பார்த்தோம். டிசி (மொத்த வெள்ளை அணு) 1,400. நியூட்ரோஃபில் 30. பிளேட்லெட் 1.3 லட்சம். ஹீமோகுளோபின் 9.8. லேபில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நாலாம் வார்டு | ஜூன் 4, மாலை 5.30

சிஏ 15-3-ஐ ஒரு பக்கம் வையுங்கள். இன்று முக்கியம் இதுதான்.

1,400-இல் 30 சதவீதம் என்றால் 420. கிருமியோடு சண்டை போடும் செல்கள் அவ்வளவுதான் இருக்கின்றன. 500-க்குக் கீழே வந்தால் கடுமையான குறைவு. ஏசி கொடுத்து 10 முதல் 14 நாளுக்குள் இப்படி அடித்தட்டுக்குப் போவது வழக்கம். இன்று 13-ஆம் நாள். எண் எதிர்பார்த்ததுதான், காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இருக்கிறதா?

தென்காற்று | ஜூன் 4, மாலை 5.34

தொட்டால் சூடில்லை.

நாலாம் வார்டு | ஜூன் 4, மாலை 5.50

தொட்டுப் பார்ப்பது போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நாக்குக்கு அடியில், வெந்நீரோ காபியோ குடித்து 15 நிமிடம் கழித்து. வாய்ப்புண் இருந்தால் அக்குளில் வைக்கலாம், ஆனால் அது வாயைவிட அரை முதல் ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். ஆசனவாய் வழியே எதுவும் கூடாது, தெர்மாமீட்டரும் எனிமாவும். அங்கே ஒரு சிறு கீறல் போதும், குடலில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏற.

ஒரே ஒரு முறை 101, அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடிப்பது. புத்தகக் கணக்கு இது. வீட்டில் 100.4 கண்ட உடனே கிளம்புங்கள், இரவு 2 மணியானாலும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. குளிர் நடுக்கம் வந்தால் சூடு இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

எமர்ஜென்சியில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம்: "மார்பகப் புற்றுக்குக் கீமோ, மே 23 ஏசி, ஜூன் 4-இல் நியூட்ரோஃபில் 420, இப்போது காய்ச்சல்." இதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்தால் அந்த ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும்.

காய்ச்சல் இல்லாமல் எண் மட்டும் குறைவாக இருந்தால் வெள்ளையணுவை ஏற்றும் ஊசிக்கு ஓட வேண்டியதில்லை. தானே ஏறும். 21-ஆம் நாள் கீமோவுக்கு நியூட்ரோஃபில் 1,500-ம் பிளேட்லெட் 1 லட்சமும் வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிப்போடுவார்கள்.

நாலாம் வார்டு | ஜூன் 4, இரவு 9.15

மேலே 1,500 என்று தீர்ப்பு மாதிரி எழுதிவிட்டேன். ஏசி மாதிரி மூன்று வார மருந்துக்கு அது பொதுவான கோடு. வாராவாரம் கொடுக்கும் பாக்ளிடாக்சலுக்கு 1,000 இருந்தாலே பல இடங்களில் போடுகிறார்கள். 1,300 என்று ரிப்போர்ட் வந்தும் ஊசி போட்டால், அது கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

தென்காற்று | ஜூன் 5, காலை 8.02

98.8. தெர்மாமீட்டர் வாங்கியாச்சு. பிளேட்லெட்டுக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லி அத்தை இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

நாலாம் வார்டு | ஜூன் 5, காலை 8.40

வேண்டாம். 1.3 லட்சம் என்பது கீமோவுக்குப் போதுமான பிளேட்லெட். இலைச் சாறு, கசாயம், சூரணம் எதுவும் கீமோ முடியும்வரை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த வாரம் எஸ்ஜிபிடி (கல்லீரல் டெஸ்ட்) ஏறி வந்தால், கீமோவால் ஏறியதா சாற்றால் ஏறியதா என்று பிரிக்க வழியில்லை. அந்தச் சந்தேகத்தில் கீமோ நின்றுபோகும். பச்சையாக அரைத்த சாற்றில் கிருமியும் இருக்கும், 420-க்கு அது ஆகாது. அத்தையிடம் நன்றாக வெந்த பருப்பும் முட்டையும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அவருடைய அன்புக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

எஸ்ஜிபிடி பற்றிப் பேச்சு வந்ததால்: முதல் கீமோவுக்கு முன் மஞ்சள் காமாலை பி டெஸ்ட் பார்த்திருக்க வேண்டும், ஹெச்பிஎஸ்ஏஜி-யும் ஆன்டி ஹெச்பிசி-யும். ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். கீமோவும் ஸ்டீராய்டும் சேர்ந்து, தூங்கிக்கிடக்கும் பி வைரஸை எழுப்பிவிடும். பாசிட்டிவ் என்று வந்தால் கீமோ கிடையாது என்று பலர் பயந்துபோகிறார்கள். என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையோடு கீமோ தொடரும். கீமோ முடிந்து குறைந்தது 6 மாதம் அந்த மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம்.

நுண்ணோக்கி | ஜூன் 5, பகல் 1.10

பிளேட்லெட்டுக்கு ஒரு சிறு குறிப்பு. 1.3 லட்சம் இருந்தவருக்கு ஒரே நாளில் 30,000 என்று வந்து, ஈறில் ரத்தமோ தோலில் புள்ளியோ இல்லையென்றால், முதலில் ஸ்லைடில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஈடிடிஏ சிலருடைய பிளேட்லெட்டைக் கட்டியாக்கிவிடும், மெஷின் அதை எண்ணாது. இளநீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். பொட்டாசியம் திடீரென்று 6 என்று வந்தாலும், ரத்தம் இழுக்கும்போது செல் உடைந்ததா என்று லேபில் கேளுங்கள். கேட்டுவிட்டு அன்றே மறுபடி பார்க்க வேண்டும். பொட்டாசியம் உண்மையிலேயே 6 என்றால் இதயத்துக்கு ஆபத்து, நாளைக்குத் தள்ளக் கூடாது.

மானாமதுரை மண் | ஜூன் 6, இரவு 9.44

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு ஊசிப் பயாப்ஸியில் இஆர் (ஹார்மோன் ஏற்பி) 90 சதவீதம் பாசிட்டிவ். கீமோ எதுவும் இல்லாமல் நேராக ஆபரேஷன். எடுத்த மார்பை டெஸ்ட் செய்ததில் இஆர் நெகட்டிவ். ஹெர்-2 (கட்டியை வளர்க்கும் ஒரு புரதம்) முன்பு 2+, இப்போது 1+. ஒரே கட்டிதானே, எதை நம்புவது?

நுண்ணோக்கி | ஜூன் 6, இரவு 11.30

நடுவில் கீமோ இல்லாமல் 90 பூஜ்யம் ஆனால், கட்டி மாறிவிட்டது என்று நினைப்பதற்கு முன் திசு எப்படிக் கையாளப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

உடம்பிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) இறங்க வேண்டும். 10 சதவீத நடுநிலை ஃபார்மலின், திசுவைப் போல 10 மடங்கு அளவு. குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். ஊசிப் பயாப்ஸி நூல் போல இருப்பதால் சீக்கிரம் ஊறிவிடும். முழு மார்பு அப்படி இல்லை. ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மி.மீ. அளவில்தான் உள்ளே போகும். அதனால்தான் மார்பை எடுத்த கையோடு 5 முதல் 10 மி.மீ. பட்டைகளாக அறுத்துவிட வேண்டும். வெள்ளி மாலை ஆபரேஷன், அறுக்காமல் வாளியில் போட்டுத் திங்கள் காலை திறந்தால் வெளிப்பக்கம் பதமாக இருக்கும், நடுவில் கட்டி கெட்டிருக்கும். கெட்ட திசுவில் இஆர் நிறம் ஏறாது. வெறும் சலைனில் போட்டு அனுப்பினாலும் இதே கதிதான்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் தேடுங்கள். எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம், எத்தனை மணி நேரம் ஊறியது. அடுத்து உள் சான்று: கட்டியைச் சுற்றி இருக்கும் சாதாரணப் பால் குழாய்ச் செல்களில் சிலவாவது இஆர் நிறம் ஏறியிருக்க வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் டெஸ்டே நடக்கவில்லை என்றுதான் பொருள், நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. அப்படியானால் ஊசிப் பயாப்ஸியைத்தான் நம்ப வேண்டும்.

மறுபரிசோதனைக்குத் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் இரண்டு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், பயாப்ஸியுடையதும் ஆபரேஷனுடையதும். பிளாக் எண்ணை ரிப்போர்ட்டில் குறித்துக்கொண்டு போனால் சீக்கிரம் கிடைக்கும். பிளாக் தர மறுத்தால், நிறம் ஏற்றாத ஸ்லைடு 10 கேளுங்கள், ஒட்டும் பூச்சுப் பூசிய ஸ்லைடாக. இல்லாவிட்டால் டெஸ்டின் நடுவில் திசு கழன்று வந்துவிடும். வெட்டி 6 வாரத்துக்கு மேல் கிடந்த ஸ்லைடு வேண்டாம். பிளாக் என்பது மெழுகு. சித்திரை வெயிலில் கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஹெர்-2 2+ என்பது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஜீன் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் ஃபிஷ் டெஸ்ட் செய்தாக வேண்டும். ஃபிஷ்ஷில் ஹெர்-2-க்கும் 17-ஆம் குரோமோசோமுக்கும் உள்ள விகிதம் 2 அல்லது மேல், ஒரு செல்லுக்கு ஹெர்-2 பிரதி 4 அல்லது மேல், இரண்டும் சேர்ந்தால் பாசிட்டிவ். அம்மாவின் பயாப்ஸியில் ஃபிஷ் செய்தார்களா?

மானாமதுரை மண் | ஜூன் 7, காலை 7.15

செய்யவில்லை. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை மாலைதான்.

நுண்ணோக்கி | ஜூன் 7, காலை 7.40

பயாப்ஸி பிளாக்கில் ஃபிஷ் கேளுங்கள். இஆர் இருந்தும் இல்லை என்று எழுதிவிட்டால் 5 முதல் 10 வருட மாத்திரைச் சிகிச்சை அம்மாவுக்குக் கிடைக்காமல் போகும். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை, இதைச் சரிபார்க்காமல் நகராதீர்கள்.

நாலாம் வார்டு | ஜூன் 8, பகல் 3.20

தம்பி, அக்காவிடம் சொன்னீர்களா?

தென்காற்று | ஜூன் 8, இரவு 8.30

டிசி பற்றியும் சொல்லவில்லை. பயந்துவிடுவாள்.

நாலாம் வார்டு | ஜூன் 8, இரவு 9.10

சிஏ 15-3 இருக்கட்டும், டிசியை மறைப்பது ஆபத்து. நியூட்ரோஃபில் 420 என்று தெரிந்தவர்தான் ராத்திரி லேசாகக் குளிரும்போது உங்களை எழுப்புவார். தெரியாதவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விடியட்டும் என்று படுத்திருப்பார்.

சொல்கிற விதம் இருக்கிறது. ராத்திரியில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு பகலில். எண், அதன் காரணம், அடுத்து என்ன, எந்தத் தேதியில், இவ்வளவும் ஒரே மூச்சில் வர வேண்டும். "வெள்ளை அணு குறைந்திருக்கு, இந்த மருந்துக்கு இந்த வாரம் குறையும்னு முன்னாடியே தெரியும், 11-ஆம் தேதி மறுபடி பார்க்கிறோம், அதுவரைக்கும் 100.4 வந்தா உடனே போறோம்." எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால்தான் பயம். அடுத்த தேதி தெரிந்தால் கைப்பிடி மாதிரி.

செல்போனுக்கு ரிப்போர்ட் ராத்திரியில் வந்து விழுகிறது. வீட்டில் யார் திறப்பது என்று முன்கூட்டியே அக்காவையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர் தானே திறக்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காத டெஸ்டை இனிமேல் நீங்களாகப் பார்க்கவும் வேண்டாம். என்ன செய்வது என்று தெரியாத எண் கையில் கிடைத்தால் அது தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

கருவேலம் | ஜூன் 10, காலை 10.05

மனைவிக்கு ஏசி முடிந்து பெட் ஸ்கேன். மார்புக் கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் நெஞ்சு நடுவில் புதிதாக நெறிகள் ஒளிர்கின்றன, முதுகெலும்பு முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறது. நாலாம் கட்டம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். வெள்ளையணு ஊசி ஸ்கேனுக்கு 6 நாள் முன் போட்டது.

நாலாம் வார்டு | ஜூன் 10, காலை 11.00

முதுகெலும்பு முழுக்கச் சீராக என்பது அந்த ஊசியின் வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மஜ்ஜை முழு வேகத்தில் உழைக்கும்போது சர்க்கரையை இழுக்கும். புற்று பரவினால் பெரும்பாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

நெஞ்சு நெறி வேறு கதை. பெட் ஸ்கேன் புற்றைப் பார்ப்பதில்லை, சர்க்கரையை அதிகம் தின்னும் இடத்தைப் பார்க்கிறது. காசநோய் நெறியும் அதே அளவுக்கு ஒளிரும். நம் ஊரில் அதை முதல் சந்தேகங்களில் ஒன்றாக வைக்க வேண்டும். தடுப்பூசி போட்ட கைப்பக்க அக்குள் நெறியும் சில வாரம் ஒளிரும். மார்பில் கட்டி சுருங்கும்போது வேறிடத்தில் மட்டும் புதிதாகக் கிளம்பினால், கட்டத்தை மாற்றி எழுதுவதற்கு முன் ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் வைத்து எடுப்பார்கள்.

நுண்ணோக்கி | ஜூன் 10, பகல் 12.25

6-ஆம் தேதி நான் சலைன் வேண்டாம் என்று எழுதியதில் இங்கே ஒரு விலக்கு உண்டு. எடுக்கும் திசுவில் பெரும்பகுதி ஃபார்மலினுக்கு. ஒரு துண்டு தனியாகச் சுத்தமான சலைனில், காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், அதன் ஜீனைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்டுக்கும். ஃபார்மலினில் விழுந்துவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது, மறுபடி ஊசி போட வேண்டிவரும். எடுக்கிற டாக்டரிடம் முந்தின நாளே நினைவுபடுத்துங்கள். புற்று என்றே வந்தாலும் இஆர், பிஆர் (இன்னொரு ஹார்மோன் ஏற்பி), ஹெர்-2 புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். பரவிய இடத்தில் அவை மாறியிருக்கலாம்.

மானாமதுரை மண் | ஜூன் 12, இரவு 7.50

பயாப்ஸி பிளாக்கில் வேறு லேப் இஆர் 90 என்றே சொல்லிவிட்டது. ஃபிஷ் விகிதம் 1.2, பிரதி 2.6.

நுண்ணோக்கி | ஜூன் 12, இரவு 8.15

அப்படியானால் இஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். இரண்டையும் பின் அடித்து, மேலே புது ரிப்போர்ட்டின் தேதியை எழுதிவையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு டாக்டர் பழையதை மட்டும் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தென்காற்று | ஜூன் 13, மாலை 6.05

நியூட்ரோஃபில் 2,100. மூன்றாவது ஏசி போட்டாச்சு. அல்ட்ராசவுண்டில் கட்டி 4.1 செ.மீ. இருந்தது 2.6. டாக்டர் சிஏ 15-3-ஐ மறுபடி எழுதவே இல்லை. நாளை மறுநாள் வெள்ளையணு ஊசி போடச் சொல்லியிருக்கிறார். எக்கோவில் மட்டும் இஎஃப் (இதயம் ரத்தத்தைத் தள்ளும் சதவீதம்) 64-இலிருந்து 58. மறுபடி ஒரு இறக்கம்.

நாலாம் வார்டு | ஜூன் 13, இரவு 7.30

2.6! மனசு நிறைந்தது தம்பி.

எக்கோவில் 6 புள்ளி, ஒருவர் அளப்பதற்கும் இன்னொருவர் அளப்பதற்கும் வரக்கூடிய வித்தியாசம்தான். 58 சாதாரணமும்கூட. அடுத்த முறை அதே சென்டரில், அதே மெஷினில், பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படி இருந்தால் எண் என்னவானாலும் சொல்ல வேண்டும். ஹெர்-2 ஊசி போடுகிறவர்களுக்குத்தான் கறாரான கோடு இருக்கிறது: ஆரம்பத்திலிருந்து 16 புள்ளி இறங்கினால், அல்லது சாதாரண அளவுக்குக் கீழே போய் 10 புள்ளி இறங்கியிருந்தால், குறைந்தது 4 வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எக்கோ.

வெள்ளையணு ஊசி நீண்டநாள் வகை என்றால் 6 மி.கி., கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான். இடுப்பும் முதுகும் வலிக்கும், அது மஜ்ஜை வேலை செய்வது. வலிக்கு மாத்திரை கொடுக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அதன் பிறகு பார்க்கும் ரத்தத்தில் டிசி 25,000, 30,000 என்று வரலாம். காய்ச்சல் இல்லையென்றால் அது ஊசியால் ஏறியது.

தென்காற்று | ஜூன் 13, இரவு 9.02

ஃபைலை இனி அக்காவே வைத்துக்கொள்கிறாளாம். ஆபரேஷனில் கட்டி மிச்சம் இருந்தால் என்ன என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள். அவளுக்கு இஆர், பிஆர், ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ்.

நாலாம் வார்டு | ஜூன் 13, இரவு 9.40

அவரே கேட்டது நல்லது. மிச்சம் இருந்தால் அதற்கும் அடுத்த மருந்து இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு கேப்சிட்டபின் மாத்திரை 6 முதல் 8 சுற்று. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் செய்த ஆய்வு 2017-இல் வந்தபிறகு இது வழக்கத்துக்கு வந்தது. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ ஜீனில் மாற்றம் இருந்தால் ஒலாபரிப் ஒரு வருடம். அந்த ஜீன் டெஸ்ட் இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதே கொடுங்கள், ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும். ஆபரேஷன் எப்படி என்பதையும் அது மாற்றக்கூடும். "தெளிவற்ற மாற்றம்" என்று வந்தால் அது பாசிட்டிவ் இல்லை, அதை வைத்து இன்னொரு மார்பையும் எடுக்கச் சம்மதிக்க வேண்டாம். ஆபரேஷன் ரிப்போர்ட்டில் மிச்சக் கட்டியின் அளவும், அக்குளில் எத்தனை நெறிக்கு எத்தனை என்பதும், ஆர்சிபி வகுப்பும் (கீமோவுக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் என்ற தரம்) எழுதியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு எழுதவில்லையென்றால் கேட்டு எழுத வைக்கலாம், ஸ்லைடு அவர்களிடம்தான் இருக்கும்.

அக்காவின் ஃபைலில் முதல் எக்கோவும் இன்றைய எக்கோவும் ஒன்றின் பின் ஒன்றாக முன்னால் இருக்கட்டும். அந்த காய்ச்சல் சீட்டில் மே 23-ஐ அடித்துவிட்டு ஜூன் 13 என்று மாற்றச் சொல்லுங்கள்.